சம்பளத்தை மட்டும் பார்த்து மருத்துவமனையைத் தேர்வு செய்யலாமா?

எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளையிடம் நம் வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான். இரவுப் பணியில் சிக்கலான நோயாளி வந்தால் உடன் நின்று வழிகாட்ட மூத்த மருத்துவர் இருப்பாரா என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். புதியவர் தனியாகத் தடுமாறினால் அபாயம் நோயாளியின் உயிருக்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால் தமிழகத்தில் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை மருத்துவ இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு என்பதை மறந்துவிடுகிறோம்.

தனியார் என்றால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். நிலையான சம்பளமா, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கா? விலகுவதற்கு எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும்? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமும், ஸ்கேனுக்கும் அட்மிஷனுக்கும் 'டார்கெட்' வைக்கும் இடமும் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். தேவையில்லாத பரிசோதனையில் வரும் பணம் ஹலாலா என்ற கேள்வியும் நமக்கு உண்டு.

வளைகுடா செல்ல நினைப்பவர்கள் உரிமத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு இரண்டுக்கும் முன்கூட்டியே தயாராக வேண்டும். அனுபவச் சான்றிதழை ஒவ்வோர் இடத்திலும் விலகும்போதே வாங்கிவிடுங்கள்.

எங்கு சேர்வதானாலும், கையெழுத்திடும் முன் அங்கிருந்து விலகிய ஒரு மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.