வாசலில் நிற்கும் ‘மலை’க்கும் வலிக்கும்!

ராத்திரி பதினோரு மணி. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலின் பக்கவாட்டு வாசல். உள்ளே ‘திம்... திம்...’ என்று பாட்டு அதிர்கிறது. வெளியே கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், காதில் ஒரு ஒயர் சகிதம் கையைக் கட்டிக்கொண்டு மலை மாதிரி ஒருத்தர் நிற்கிறார். அவரைத் தாண்டித்தான் யாரும் உள்ளே போக முடியும். அவர்தான் ‘பவுன்சர்’!

“அதெல்லாம் நமக்கெதுக்கு? நாம அந்தப் பக்கமே போறதில்லையே!” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரவு விடுதியோடு இருந்த பவுன்சர், இன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்கும், நகைக்கடைத் திறப்பு விழாவுக்கும், ஆஸ்பத்திரி வாசலுக்கும் வந்துவிட்டார். டெல்லிக்குப் பக்கத்தில் அசோலா-ஃபதேபூர் பேரி என்ற இடத்தில் இளைஞர்கள் பலருக்கு இதுதான் தொழில். மல்யுத்தக் கோதாவில் உடம்பை வளர்த்து, அப்படியே இரவு விடுதி வாசலில் போய் நிற்கிறார்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகளும் ‘ஜிம்’மிலிருந்து நேராக இந்த வேலைக்குப் போகிறார்கள். நாளைக்கு உங்கள் தெருப் பையனோ, ஏன், உங்கள் வீட்டுப் பையனோகூடப் போகலாம்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். மூணாம் கிளாஸ் படிக்கிற காலத்திலிருந்து எனக்குத் தெரியும். என்னைப் ‘பெரிம்மா’ என்றுதான் கூப்பிடுவான். நாலு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறான். ஒருநாள் அவன் அம்மா முகம் வெளிறிப்போய் ஓடி வந்தாள்.

“அக்கா, பையன் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறான். முதுகெல்லாம் பரு பருவா வந்திருக்கு. இன்னிக்கு பாத்ரூம்ல ஒரு ஊசி கிடந்துச்சுக்கா. போதை மருந்தா இருக்குமோ? வயித்தைக் கலக்குது...”

அது என்ன ஊசி என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன், அந்த வாசலில் அவன் என்ன செய்கிறான், அவன் உடம்பு என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

‘கை ஓங்கினா தோத்துட்டோம்!’

“ஆளைத் தூக்கிப் போடறதுதானேடா உன் வேலை?” என்று ஒருதரம் கேட்டேன். சிரித்துவிட்டான்.

“அடிக்கிறவன் நல்ல பவுன்சரே இல்ல பெரிம்மா. கை ஓங்கிட்டா நாம தோத்துட்டோம்னு அர்த்தம். ஒருத்தர் தகராறு பண்ணினா, ‘சார், வாங்க, கொஞ்சம் காத்தாட நிப்போம்’னு பேசியே வெளியே கூட்டிட்டு வரணும். அவர்கூட வந்தவங்கள்ல தெளிவா இருக்கிற ஆளைப் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பணும். நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்தக் கூடாது. அவமானப்பட்டா எலிகூட எகிறும்!”

சரி, பேச்சுதான் முக்கால்வாசி வேலை. மீதியெல்லாம்? நிற்பது... நிற்பது... நின்றுகொண்டே இருப்பது!

காலுக்கு வாய் இருந்தால் அழும்

கெண்டைக்காலை ‘இரண்டாவது இதயம்’ என்பார்கள். நாம் நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் நின்றால் அந்த ‘பம்ப்’ வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தேங்கும். பாதம் வீங்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும். இதைத்தான் ‘வெரிகோஸ் வெயின்’ என்கிறார்கள். குதிகால் வலியும் இடுப்பு வலியும் கூடவே வந்து சேரும்.

இதற்கு என்ன செய்யலாம்?

* நிற்கிற இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். பத்துத் தடவை போதும்.
* ஒரு காலை மாற்றி ஒரு காலைச் சின்னப் பலகை மேல் வைத்து நிற்கலாம்.
* வேலைக்குக் கிளம்பும் முன்பே, கால் வீங்குவதற்கு முன்பே, டாக்டர் சொல்லும் அளவில் இறுக்கமான காலுறை போட்டுக்கொள்ளலாம்.
* வீட்டுக்கு வந்ததும் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக் கால் மணி நேரம் படுக்கலாம்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லக் கூச்சப்படுவது. வாசலை விட்டு நகர முடியாது என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிறுநீரை அடக்குவார்கள். சென்னை வெயிலில் இப்படி இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல் எல்லாம் வரத்தான் செய்யும். வாசலில் நிற்கும் பெண் காவலர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு.

ராத்திரியும் ரீங்காரமும்

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இருட்டினால் தூங்கு, விடிந்தால் எழுந்திரு என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் அதை ஏமாற்றினால் சர்க்கரை நோயும் இதய நோயும் எட்டிப்பார்க்க வாய்ப்பு அதிகம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, இரவு நேர வேலையை ‘அனேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதையே சொன்னது.

அதற்காக வேலையை விட்டுவிட முடியுமா? முடியாது. ஆனால் வீட்டில் இருக்கும் நீங்கள் உதவலாம். பகலில் அவர் தூங்கும் அறைக்குக் கனமான திரை போடுங்கள். மிக்ஸியும் சீரியலும் அந்த நேரத்தில் கொஞ்சம் அடங்கட்டும். சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்குச் சாப்பிடும் பிரியாணி வயிற்றில் கல்லாகத்தான் உட்காரும். வேலை முடிய நாலைந்து மணி நேரம் இருக்கும்போதே டீ, காபியை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது காது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது நிபுணர்கள் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம்தான்! இரவு விடுதிகளில் பாட்டு அந்த அளவைச் சுலபமாகத் தொடும். ஆடுகிறவர் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவார். நிற்கிறவர்? வீடு திரும்பிய பிறகும் காதில் ‘கொய்ங்’ என்று ரீங்காரம் கேட்டால் அது முதல் எச்சரிக்கை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பான் போதும். கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளட்டும்.

அந்த ஊசி...

இப்போது பாத்ரூமில் கிடந்த ஊசிக்கு வருவோம். பையனை உட்காரவைத்து, திட்டாமல் கேட்டோம். முதலில் முறைத்தான். பிறகு அழுதேவிட்டான்.

“போதை எல்லாம் இல்ல பெரிம்மா. உடம்பு ஏத்தறதுக்கு. என்னைவிட ரெண்டு மடங்கு இருக்கிறவங்களுக்குத்தான் நல்ல இடத்துல வேலை கிடைக்குது. ஜிம்ல ஒருத்தர்தான் போட்டுக்கச் சொன்னார்...”

அது ‘அனபாலிக் ஸ்டீராய்டு’. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் செயற்கை வடிவம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டினால், ‘நமக்கு இனி வேலையில்லை’ என்று உடம்பு சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும். விந்தணு எண்ணிக்கை சரியும். ஊசியை நிறுத்திய பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்காகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போகலாம். ‘பலசாலி’ ஆகப் போய்க் குழந்தைப் பேற்றுக்கே உலை!

அதோடு முடியவில்லை. நல்ல கொழுப்பு குறைந்து கெட்ட கொழுப்பு ஏறும். இதயத் தசை தடித்துவிடும். மாத்திரையாக விழுங்குவது ஈரலைப் பதம் பார்க்கும். மார்பு பெண்களுக்குப் போல வளரலாம். முணுக்கென்றால் கோபம் வரும். கோபத்தை அடக்குவதே தொழிலாக உள்ள ஒருவருக்கு இது எவ்வளவு ஆபத்து! ஒரே ஊசியை நண்பர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும்கூடத் தொற்றலாம்.

சில ஜிம்களில் ‘மெஃபென்டர்மைன்’ என்ற ஊசியும் புழங்குகிறது. ஆபரேஷன் சமயத்தில் இறங்கிப்போன ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்காக டாக்டர்கள் போடும் மருந்து அது. நன்றாக இருக்கும் மனிதர் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தம் எகிறி, இதயம் தாறுமாறாகத் துடிக்கும். பழகிவிட்டால் விடுவதும் கஷ்டம்.

எங்கள் பையனை எண்டோகிரைனாலஜிஸ்ட் எனப்படும் ஹார்மோன் நிபுணரிடம் அழைத்துப் போனோம். ரத்த அழுத்தம் 160-க்கு 100. வயசு இருபத்தாறு! எக்கோ, ஈரல், கொழுப்பு, ஹார்மோன் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். ஊசியைத் திடீரென்று நிறுத்தும்போது சிலருக்கு மனச்சோர்வு வரும் என்பதால் டாக்டர் கண்காணிப்பிலேயே நிறுத்தினார்கள். எட்டு மாதம் ஆயிற்று. தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கிறது. முகத்தில் பழைய சிரிப்பு ஏறியிருக்கிறது!

உங்கள் வீட்டில் ஜிம்முக்குப் போகும் பிள்ளை இருந்தால் கவனியுங்கள். சில வாரங்களிலேயே உடம்பு ‘குபீர்’ என்று ஏறுவது, முதுகில் பருக்கள், காரணமில்லாத எரிச்சல், தூக்கமின்மை... இதெல்லாம் அடையாளங்கள். கத்தாதீர்கள், கூட உட்கார்ந்து பேசுங்கள். கனமான உடற்பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, கொண்டைக்கடலை, பால், மீன், கோழி என்று அடுக்களையிலேயே மீதியைத் தேடலாம்.

குடியா... சர்க்கரையா?

அவன் சொன்ன ஒரு அனுபவத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஒரு வருஷப் பிறப்பு ராத்திரி. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் தள்ளாடியபடி வாசலுக்கு வந்தார். நாக்கு குழறியது. கேட்டால் சீறினார். “ஃபுல் மப்பு, வெளியே தள்ளு” என்றார் கூட நின்றவர். இவன் கிட்டே போய்ப் பார்த்தான். வாடையே இல்லை! ஏ.சி. காற்று வரும் இடத்திலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இன்சுலின் போடும் தன் பாட்டியின் ஞாபகம் வந்தது. உட்காரவைத்து, இனிப்பான கோலா ஒரு கிளாஸ் கொடுத்தான். கால் மணி நேரத்தில் அவர் தெளிவாகப் பேசினார். “தம்பி, சாப்பிடாம ஊசி போட்டுட்டேன்...”

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், தள்ளாட்டம், குழறல், கோபம் எல்லாம் வரலாம். பார்ப்பதற்கு அச்சு அசலாகக் குடித்தவர் மாதிரியே இருக்கும்! உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், ‘நான் நீரிழிவு நோயாளி’ என்று எழுதிய அட்டையும் கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் பையில் இருக்கட்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் பொறுத்துச் சரியாகாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108!

வாசலில் நிற்பவருக்கும், நமக்கும் இன்னும் சில:

* குடித்து நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.
* யாரையும் குப்புறத் தள்ளி முதுகில் முட்டியை வைத்து அழுத்தக் கூடாது. நெஞ்சு விரிய இடமில்லாமல் உயிரே போகலாம். ‘மூச்சு முட்டுது’ என்று ஒருவர் சொன்னால், ‘பேச வருதே, நடிக்கிறான்’ என்று நினைக்காதீர்கள்.
* கைகலப்பில் விரல் முட்டியில் பல் பட்டுக் கிழிந்தால் அலட்சியம் வேண்டாம். மனித வாயின் கிருமி மூட்டுக்குள் போனால் விரலே மடங்காமல் போய்விடலாம். சோப்பு போட்டுக் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.
* இந்த வேலையில் இருப்பவர்கள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டிருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி காவலுக்கு நிற்பவர் முறையான பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் உண்டு. உங்கள் பிள்ளை இந்த வேலையில் சேர்ந்தால் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்!

பவுன்சர் போலீஸ் இல்லை. உள்ளே விட மாட்டேன் என்று சொல்லலாம். அடிக்க உரிமை கிடையாது. பெரிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் எந்தக் குடிமகனையும் போல அவரும் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை செய்பவர்கள் உட்கார நாற்காலி தந்தே ஆகவேண்டும் என்பது அந்தத் திருத்தம்.

நாற்காலி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதையெல்லாம் பேசிவிட்டு அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எங்கள் ஃபிளாட் வாசலைச் சரியாகப் பார்த்தேன். அறுபது வயசு வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியின் கால் உடைந்து மூன்று மாதமாம்! தினமும் நாலு தடவை அவரைத் தாண்டிப் போகிறேன். என் கண்ணில் படவே இல்லை.

மறுநாளே புது நாற்காலி வந்துவிட்டது. ‘ரத்த அழுத்தம் பார்த்து எத்தனை நாளாச்சுண்ணே?’ என்று கேட்டேன். “பார்த்ததே இல்லீங்கம்மா” என்றார். அழைத்துப் போய்ப் பார்த்ததில் மாத்திரை போட வேண்டிய அளவில்தான் இருந்தது.

உங்கள் வாசலில் நிற்பவர் உட்கார என்ன இருக்கிறது? இன்றைக்கு வெளியே போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்களேன்!