13 நாட்டுக் கூட்டாஞ்சோறு: ஏரியான் 6 ராக்கெட்டின் திரைமறைவு ரகசியங்கள்!

ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? பத்து, ஒன்பது, எட்டு என எண்ணுவார்கள், நெருப்பு கக்கும், புகை மண்டும், கைதட்டல் அதிரும். அவ்வளவுதான், டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவோம். ஆனால் நிஜமான கூத்தெல்லாம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, யார் கண்ணிலும் படாமல் நடந்து முடிந்திருக்கும். ஐரோப்பாவின் ஏரியான் 6 ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 13 நாடுகள், 600க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு பெருமை! அந்த ஒப்பனை அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? தலைக்கு உறை மாட்டிக்கொண்டு வாருங்கள். சுத்த அறைக்குள் ஒரு முடி உதிர்ந்தாலும் ஆபத்து!

தலை ஒரு ஊர், உடல் ஒரு ஊர்

முதல் நிறுத்தம், வடக்கு ஜெர்மனியில் வேசர் ஆற்றங்கரையில் உள்ள பிரேமன். ராக்கெட்டின் மேல் அடுக்கு இங்கேதான் உருவாகிறது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனையும் சுமக்க வேண்டிய தொட்டிகள் இங்கே முழு வடிவம் பெறுகின்றன. இந்த ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஐரோப்பாவின் ஜிபிஎஸ்ஸான கலிலியோ செயற்கைக்கோள்களில் 34ஐக் கட்டியது பிரேமனைச் சேர்ந்த ஓஎச்பி நிறுவனம். அவற்றில் இரண்டு, 2025 டிசம்பர் 17 அன்று ஏரியான் 6இல் ஏறிப் பறந்தன. வண்டியின் மேல்பாதியும் பிரேமன், பயணிகளும் பிரேமன்!

அடுத்து பிரான்ஸ். பாரிஸுக்கு மேற்கே, சேன் நதிக்கரையில் லே மூரோ. ராக்கெட்டின் பெரிய உடல், அதாவது முதன்மை அடுக்கு, இங்கே படுத்த நிலையில் உருவாகிறது. ஆமாம், படுத்துக்கொண்டேதான்! விமானத் தொழிற்சாலைகளின் பாணியில் எல்லாம் கிடைமட்டமாக நடப்பதால், உயரமான சாரம் கட்டி ஏறி இறங்கும் வேலை மிச்சம். தொட்டிகளின் அலுமினியத் தகடுகளை ஒட்டும் விதமும் வேடிக்கை. உலோகத்தை உருக்குவதே இல்லை. சுழலும் கருவி ஒன்றை அழுத்தித் தேய்க்கிறார்கள். உராய்வுச் சூட்டில் இளகும் இரண்டு தகடுகளும் பிசைந்து ஒன்றாகிவிடுகின்றன.

அல்லிக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு இடிமுழக்கம்

ஓவியர் க்ளோத் மோனே அல்லிப்பூக்களை வரைந்த ஷிவெர்னி தோட்டத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில்தான் வெர்னோன். அங்கே குவிவது ராக்கெட் இன்ஜின்கள்! கீழடுக்குக்கான வல்கெயின் இந்த ஊரில்தான் கோத்து முடிக்கப்படுகிறது.

கோத்து முடிக்கப்படுகிறது என்றுதான் சொன்னேன், கவனித்தீர்களா? பாகங்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? எரியறை, மியூனிக் அருகே உள்ள ஓட்டோபுருனிலிருந்து. டர்பைன்களும் வல்கெயினின் கூம்பு முனையும் ஸ்வீடனின் ட்ரோல்ஹெட்டனிலிருந்து. ஆக்சிஜன் பம்ப் இத்தாலியின் ஏவியோ நிறுவனத்திலிருந்து. வால்வுகள் பெல்ஜியத்தின் லியேஜிலிருந்து. ஒரே இன்ஜினுக்கு ஐந்து நாட்டு பாஸ்போர்ட்!

வெர்னோனில் நம்மவர்களின் காலடியும் பதிந்திருக்கிறது. 1974இல் இஸ்ரோ ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய் ஏரியானின் வைக்கிங் இன்ஜினுக்காக உழைப்பார்கள். உழைப்புக்குப் பதில் தொழில்நுட்பம். அந்தக் குழுவை வழிநடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். அங்கே கற்றதில் பிறந்ததுதான் நம் விகாஸ் இன்ஜின். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டு, பிஎஸ்எல்வியையும் எல்விஎம்3ஐயும் இன்றுவரை தூக்கிச் செல்கிறது.

வெடிமருந்து ஊரின் கார்பன் நெசவு

ரோமுக்குத் தென்கிழக்கே கொல்லெஃபெர்ரோ. 1912இல் ஒரு வெடிமருந்து ஆலைக்காகவே முளைத்த ஊர். இன்று ஏவியோ இங்கே கார்பன் இழையைச் சுற்றிச் சுற்றி, பக்கவாட்டு பூஸ்டர்களின் உறையை ஒரே துண்டாக நெய்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 142 டன் திட எரிபொருள் போகும். ஆனால் உறை இத்தாலியிலிருந்து காலியாகத்தான் கப்பலேறும். எரிபொருளைக் கலந்து ஊற்றுவது தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானா ஏவுதளத்திலேயே! நூறு டன்னுக்கு மேல் எரிபொருள் நிரம்பிய ஒன்றைக் கடல் கடந்து கொண்டுபோக யாருக்குத் தைரியம் வரும்?

இந்த பூஸ்டர் இரட்டை வேடம் போடுகிறது என்பதுதான் இன்னொரு ரகசியம். ஏரியான் 6க்குப் பக்கத்தில் நின்று தள்ளும் அதே மோட்டார்தான், இத்தாலியின் வேகா-சி ராக்கெட்டுக்கு முதல் அடுக்கு. இரண்டு ராக்கெட்டுக்கும் ஒரே தயாரிப்பு வரிசை என்பதால் எண்ணிக்கை கூடும், அடக்கவிலை குறையும்.

மீதிப் பட்டியலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மூக்குப் பகுதி ஸ்விட்சர்லாந்தின் எம்மன் ஊரில். பூஸ்டரைப் பிரித்துத் தள்ளும் குட்டி மோட்டார்கள் நார்வேயின் ரவுஃபோஸில். வானிலிருந்து நேரலை அனுப்பும் கேமரா அமைப்பு அயர்லாந்தின் டப்ளினில். 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ராக்கெட்டிலிருந்து பிரிந்து மிதந்துபோன காட்சியை உலகுக்குக் காட்டியதும் அதே டப்ளின்காரர்கள்தான்!

பாய்மரக் கப்பலில் ராக்கெட்

சரி, இத்தனை ஊர்ச் சரக்கையும் அட்லாண்டிக்கைத் தாண்டி எப்படி அனுப்புவது? பாய்மரக் கப்பலில்! சிரிக்காதீர்கள், நிஜம்தான். கப்பலின் பெயர் கனோப்பே. நீளம் 121 மீட்டர். அதன் மேல் 37 மீட்டர் உயரத்தில் நான்கு சிறகுகள் நிற்கின்றன. காற்று வீசும் திசையைக் கணினி பார்த்துச் சிறகுகளைத் திருப்ப, டீசல் செலவு குறைகிறது. பிரேமன், ராட்டர்டாம், லே ஆவ்ர், போர்தோ எனத் துறைமுகம் துறைமுகமாக நின்று பாகங்களை ஏற்றிக்கொள்கிறது. லே மூரோவின் பெரிய உடல் சேன் நதியில் படகேறி லே ஆவ்ருக்கு வந்து காத்திருக்கும்.

முடிவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தே டிகிரி. அங்கே மேலடுக்கும் கீழடுக்கும் படுத்த நிலையிலேயே கைகோத்து, ஏவுமேடைக்குப் போய் நிமிர்ந்து நிற்கின்றன. அதன் பிறகுதான் பூஸ்டர்களும் மூக்கும் சேரும். அங்கே ராக்கெட்டை மூடி நிற்கும் கட்டடம் 90 மீட்டர் உயரம், 8,200 டன் எடை. ஏவும் நாளில் அந்தக் கட்டடமே தண்டவாளத்தில் நகர்ந்து வழிவிடுகிறது!

சமையல் குறிப்பு யாருடையது?

ஏன் இந்த அலைச்சல், எல்லாவற்றையும் ஒரே ஊரில் செய்யக்கூடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இங்கேதான் உச்சகட்ட ரகசியம். ஐரோப்பிய விண்வெளி முகமையில் ஒரு நாடு எவ்வளவு பணம் போடுகிறதோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில் அதன் தொழிற்சாலைகளுக்கு வேலை திரும்ப வர வேண்டும். கூட்டாஞ்சோற்றில் அரிசி கொண்டுவந்த வீட்டுக்கும் பருப்பு கொண்டுவந்த வீட்டுக்கும் அடுப்படியில் இடம் உண்டல்லவா, அதே நியாயம்தான். இந்த விதியால்தான் சின்ன நாடுகளும் பர்ஸைத் திறக்கின்றன. இந்த விதியால்தான் செலவும் எகிறுகிறது, முடிவுகளும் தாமதமாகின்றன.

தாமதம் சாதாரணமில்லை. 2014 டிசம்பரில் முடிவெடுத்து, 2020இல் பறக்க வேண்டிய ராக்கெட், 2024 ஜூலை 9 அன்றுதான் பறந்தது. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 5 அதற்கு ஓராண்டு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. ரஷ்யாவின் சோயுஸும் கிடைக்காமல் போனதால், ஐரோப்பா தன் யூக்ளிட் தொலைநோக்கியை ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டில் அனுப்ப நேர்ந்தது. முதல் பயணத்திலும் கடைசிக் கட்டத்தில் துணை மின் அலகு மக்கர் செய்ய, மேலடுக்கு திட்டமிட்டபடி கீழே இறங்கவில்லை.

பங்காளிச் சண்டை இல்லாமலா? 2023இல் செவில் நகரில் அமைச்சர்கள் கூடியபோது, வேகா-சியை இனி ஏவியோவே தனியாக விற்றுக்கொள்ளலாம் என முடிவானது. ஏரியானுக்கு உறை நெய்து தருபவரே சந்தையில் பக்கத்துக் கடைக்காரரும் ஆகிவிட்டார். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் புது ராக்கெட் நிறுவனங்கள் வேறு வரிசை கட்டுகின்றன.

ஆனாலும் ஊர்கள் உறவை விடவில்லை. 1998 முதல் 'ஏரியான் நகரங்களின் சமூகம்' என்றே ஒரு சங்கம் இயங்குகிறது. பிரேமன், லே மூரோ, துலூஸ், கொல்லெஃபெர்ரோ, கூரூ எல்லாம் அதில் உறுப்பினர்கள். தலைமைப் பொறுப்பு நகரத்துக்கு நகரம் மாறும். அந்தந்த ஊர் மேயர்களும் தொழிற்சாலைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள். மாணவர்களுக்குக் கோடைப் பள்ளியும் நடத்துகிறார்கள்.

கணக்கைப் பார்த்தால், 2025இல் மட்டும் ஏரியான் 6 நான்கு முறை பறந்தது. விலையில் அமெரிக்காவோடு மல்லுக்கட்ட அதனால் இன்னும் முடியவில்லை. மலிவான ராக்கெட்தான் வேண்டுமென்றால் ஒரே கூரையின் கீழ் கட்டிவிடலாம். ஒரு கண்டமே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ராக்கெட் வேண்டுமென்றால், இந்த அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்க வேண்டும். ஐரோப்பா தெரிந்தேதான் கொடுக்கிறது.