'யாரைப் பார்க்க வந்தீர்கள்?'

அமெரிக்க விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி சாதாரணமாகக் கேட்கும் கேள்வி இது. காதலரையோ நிச்சயமானவரையோ பார்க்க வந்தவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், "சும்மா ஊர் சுற்றிப் பார்க்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

அதிகாரி சந்தேகப்படுவதற்குச் சட்டமே இடம் தருகிறது. சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா மறுக்கப்பட்டவர்களுக்கு 214(பி) என்ற எண் மறக்காது. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் அந்தப் பிரிவு, பார்வையாளராக வருபவரையும் குடியேற வந்தவராகவே முதலில் கருதச் சொல்கிறது. அப்படியல்ல என்று காட்ட வேண்டியவர் பயணிதான். விசா கிடைத்தாலும் அது வாசல்வரைதான். உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் விமான நிலையத்தில் முடிவாகும். காதலர் அங்கே இருக்கிறார் என்றால், திரும்பிப் போக மாட்டாரோ என்ற ஐயம் கூடத்தான் செய்யும்.

ஐயம் தீராவிட்டால் தனி அறைக்கு அழைத்துப்போவார்கள். அங்கே வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுவாகக் கிடையாது. கைப்பேசியைத் திறந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. "இனிமே இங்கேயே இருந்துடு" என்று காதலர் ஆசையாய் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி எதிர்ச் சான்றாகிவிடலாம். அந்தரங்கத்தை முன்பின் தெரியாதவர் படிப்பது கொடுமைதான். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. உள்ளே விட மறுத்தாலும், நுழைவதற்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அனுமதித்தால் மறுபடி முயலலாம். துரித வெளியேற்ற உத்தரவு என்றால் பொதுவாக 5 ஆண்டுத் தடை. முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாகப் பதிவானால், சிறப்பு விலக்கு கிடைக்காதவரை வாழ்நாள் தடை.

எனவே உறவைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். திரும்பும் டிக்கெட், அலுவலக விடுப்புக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையிலேயே வைத்திருங்கள். கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்குவதுதான் எண்ணம் என்றால் சுற்றுலா விசாவில் போகாதீர்கள். நிச்சயமானவர் அமெரிக்கக் குடிமகன் என்றால் அதற்கெனவே கே-1 விசா இருக்கிறது. போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் திருமணம் முடிய வேண்டும். நிச்சயமானவர் எச்-1பி விசாவில் அங்கே வேலை பார்ப்பவர் என்றால் அந்த வழி இல்லை. திருமணம் முடிந்த பிறகு எச்-4 விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

விசாரணை முடிவில் கேள்வி பதிலாகத் தட்டச்சு செய்த வாக்குமூலத்தை நீட்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்கள் சொல்லாத சொல் ஒன்று இருந்தாலும் திருத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை விசா கேட்கும்போது அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.