"நெகட்டிவ்" என்றால் நல்லதுதானா?

சளிப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ, ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு விடுவோம். நோய் இல்லை என்று அர்த்தம். ஆனால் மார்பகக் கட்டியின் ரிப்போர்ட்டில் மூன்று இடத்தில் 'நெகட்டிவ்' என்று இருந்தால் அதன் பொருளே வேறு. எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்கு அப்படி வந்தது. என் ஓரகத்தி, வயது 36. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய கொழுந்தனார் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே போன் பண்ணினார். "மூணுமே நெகட்டிவ்தான் மைனி, ஒண்ணும் பயமில்ல!" என்றார். அரைமணி நேரம் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும்போது அதில் புற்றுநோய் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு பெண் ஹார்மோன்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் அந்தச் செல்களில் உண்டா, ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மேல் உண்டா என்றும் பார்க்கிறார்கள். இருந்தால் அதைக் குறிவைத்து அடிக்க மருந்து இருக்கிறது. ஹார்மோன் வகைக்கு டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை. ஹெர்-2 வகைக்கு டிராஸ்டுசுமாப் ஊசி. மூன்றுமே இல்லையென்றால் இந்த இரண்டாலும் பயனில்லை. சாவித் துவாரமே இல்லாத பூட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதைத்தான் 'ட்ரிபிள் நெகட்டிவ்' என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்களிலேயே வேகமானது, முரட்டுத்தனமானது.

மேல்நாடுகளில் மார்பகப் புற்றுநோய் வந்த நூறு பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் இந்த வகை. நம் நாட்டிலோ நூற்றுக்கு 25, 30 பேருக்கு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதிலும் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் ஓரகத்திக்கு அப்போது பதினாலு மாதக் குழந்தை. பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டி தட்டுப்பட்டதும் 'பால் கட்டு' என்றே வீட்டுப் பெரியவர்கள் முடிவு கட்டி, மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார்கள். வலி இருந்திருந்தால் அவளே டாக்டரிடம் ஓடியிருப்பாள். வலியில்லாததுதான் வினை. பால் கட்டு என்றால் வலிக்கும், சூடாக இருக்கும், குழந்தை நன்றாகக் குடித்தால் சில நாளில் இளகிவிடும். இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி எதுவானாலும், பால் கொடுப்பவளானாலும், டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

இந்த வகையில் முதலில் ஆபரேஷன் செய்யாமல், கீமோதெரபி மருந்தை டிரிப்பில் ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகுதான் பெரும்பாலும் கத்தி வைக்கிறார்கள். அப்படிச் செய்வதில் ஒரு சௌகரியம், மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். முரட்டு நோய்தான், ஆனால் கீமோவுக்கு நன்றாகவே பணிகிற நோயும் இதுதான். முதல் மூன்று வருஷம்தான் திரும்ப வருமோ என்ற பயம் அதிகம். ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிடும்.

புது மருந்து வராதா என்று நாம் அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்ததைக் கேளுங்கள். கார்போபிளாட்டின் என்பது மிகப் பழைய மருந்து, விலையும் குறைவு. வழக்கமான கீமோவோடு இதையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று ட்ரிபிள் நெகட்டிவ் வந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் பல வருஷம் சோதித்து, டாக்டர் சுதீப் குப்தா 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டார். ஐம்பது வயது வரை உள்ள பெண்களில், ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வழக்கமான மருந்தில் நூற்றுக்கு சுமார் 66 பேர். கார்போபிளாட்டின் சேர்த்தவர்களில் 77 பேர். நூறு குடும்பத்தில் பதினொரு அம்மாக்கள் கூடுதலாக! ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பலன் தெரியவில்லை. என் ஓரகத்திக்கும் இந்த மருந்தைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

அதே மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் 2023இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிடோகெய்னை ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன்னால் கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். 1,600 பெண்களிடம் சோதித்ததில், ஐந்து வருஷத்தில் பிழைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 86 என்பது 90 ஆனது. செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் அது கீமோ கொடுக்காமல் நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களிடம் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசியை, ஆரம்ப நிலையில் இருந்தாலும் ஆபத்து அதிகமுள்ள ட்ரிபிள் நெகட்டிவுக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் 2021இல் அனுமதித்தார்கள். அதனாலும் பலன் உண்டு. நூற்றுக்கு 82 ஆக இருந்தது 87 ஆகியிருக்கிறது. விலைதான் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

இலைக் கஷாயமும் டிரிப் பாட்டிலும்

இரண்டாவது கீமோ முடிந்தபோது ஓரகத்திக்குத் தலைமுடி கொட்டிவிட்டது. வாய் முழுக்கப் புண். அதில் ஒரு மருந்து ரோஜாப்பூ சர்பத் மாதிரி சிவப்பாக இருக்கும், ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். அந்தச் சமயம் பார்த்து தென்காசிப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் ஒரு பை நிறைய முள்சீத்தா இலையோடு வந்து இறங்கினார். "அந்தச் செவப்பு மருந்து ஒடம்ப உருக்கிப்புடும். இத அவிச்சு ஒரு மண்டலம் குடிக்கட்டும், கட்டி தானா கரஞ்சி போவும்" என்றார். அவர் நல்ல மனுஷர், காசுக்காகச் சொல்லவில்லை. இவளும் மனசு தளர்ந்துவிட்டாள். "அக்கா, எலைன்னா எலதான குடிக்கப் போறேன்? தலமுடியாவது மிஞ்சும்லா" என்றாள். இவள் கேட்டதில் என்ன தப்பு, சொல்லுங்கள்! ஆனால் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். மருந்து ஏற்றுவது 21 நாளுக்கு ஒரு முறை. இரண்டு தடவை ஏற்ற வேண்டியது நின்றுபோகும். வேகமாக வளர்கிற கட்டிக்கு அந்த 48 நாள் போதும்.

நானும் கொழுந்தனாருமாகப் போய் டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. முள்சீத்தா, சோதனைச் சாலைத் தட்டில் வைத்த புற்றுச் செல்களைக் கொல்வது உண்மைதான், ஆனால் தட்டில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் நடப்பதில்லை என்றார். குவாதலூப் என்ற கரீபியன் தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம், பார்க்கின்சன் நோய் போன்ற நரம்புத் தளர்ச்சி கூடுதலாகக் காணப்பட்டதை டாக்டர்கள் 1999இல் எழுதியிருக்கிறார்கள். குற்றாலம் சீசனில் ஆசைக்கு ஒரு பழம் வாங்கித் தின்பது வேறு, மண்டலக் கணக்கில் கஷாயம் குடிப்பது வேறு. கல்லீரலும் ஏற்கெனவே கீமோ மருந்தோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது. பச்சிலையும் சூரணமும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டால் அடுத்த டிரிப்பையே தள்ளிப்போட வேண்டிவரும்.

பிறகு டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "உங்களுக்கு ஏற்றப் போகிற பாக்லிடாக்ஸெலும் மரத்துப் பட்டைதானம்மா!" அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் மன்சுக் வானி, நம் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். மன்ரோ வால் என்பவரோடு சேர்ந்து அதன் அமைப்பை 1971இல் உலகுக்குச் சொன்னார். அந்தச் சிவப்பு மருந்துகூட மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தந்ததுதான். அவ்வளவு ஏன், நம் திருநெல்வேலிச் சீமையில் நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி என்கிறோமே, அந்தச் செடியிலிருந்து கிடைத்தவைதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள். நம் தென் மாவட்டங்களில் இதை மானாவாரியில் பயிராகவே போட்டார்கள். கிராம் கணக்கு மருந்துக்கு இலை மூட்டை மூட்டையாக வேண்டும். வாசலில் பூத்திருக்கிறதே என்று பறித்து அரைத்துக் குடித்தால் விஷம். இயற்கை மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அளந்து, சுத்தப்படுத்தி, சோதித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஓரகத்தி இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். மூன்றாவது டிரிப்புக்குப் போனாள்.

மஞ்சளைப் பற்றியும் கேட்டோம். ஆர்மீனியா நாட்டில், நோய் பரவிய 150 பெண்களுக்கு பாக்லிடாக்ஸெலோடு மஞ்சளின் குர்குமினை நரம்பு வழியாக ஏற்றியதில் கூடுதல் பேருக்குக் கட்டி சுருங்கியதாக 2020இல் வெளியிட்டார்கள். நரம்பில் ஏற்றியது என்பதைக் கவனியுங்கள். வாய்வழி சாப்பிடும் மஞ்சளில் ரத்தத்தில் சேருவது சொற்பம். குழம்பில் போடும் மஞ்சள் தாராளமாகப் போடலாம், டப்பாவில் விற்கும் குர்குமின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சமையலறையிலிருந்து நாம் செய்யக்கூடியது நிறையவே உண்டு. அவளுக்கு எங்கள் பக்கத்து உளுந்தம்பருப்புச் சோறு நன்றாக இறங்கியது. எள்ளுத் துவையலைக் காரமில்லாமல் அரைத்துக் கொடுத்தேன். முட்டை, குழம்பு மீன், பாசிப்பருப்பு எல்லாம் ரத்த அணுக்கள் தேறி வரப் புரதம் தருபவை. சுடச்சுடச் சமைத்தது, கொதித்து ஆறிய தண்ணீர், தோலுரித்த பழம். பச்சைக் காய்கறி சாலட் அந்த மாதங்களில் வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி கொப்பளித்தாள். குமட்டலுக்கு டாக்டர் மாத்திரையோடு கொஞ்சம் இஞ்சி உதவுகிறது. சர்க்கரை தின்றால் கட்டி வளரும் என்று யாரோ சொல்லி, அவள் ஆசையாகக் கேட்ட கருப்பட்டிக் காபியைக்கூட நிறுத்தப் பார்த்தார்கள். நான் விடவில்லை! களைப்புக்கு நடைதான் மருந்து. படுத்தே கிடந்தால் களைப்பு கூடும். வ.உ.சி. மைதானத்தை முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று என்று சாயங்காலம் இருவரும் நடப்போம்.

ஒன்றை மட்டும் சுவரில் எழுதி ஒட்டினோம். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. வீட்டில் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு ராத்திரி எங்களுக்கும் வந்தது. ஆட்டோ பிடித்துப் போய் ஐந்து நாள் தங்கி வந்தோம்.

பணம்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டும் முன்னமே தயாராக இருந்தால் அலைச்சல் மிச்சம்.

ஆபரேஷனில் எடுத்த சதையில் கொஞ்சம் நோய் மிச்சமிருந்தது. முன்பெல்லாம் அதற்குமேல் செய்ய ஒன்றுமிருக்காது. ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த ஆராய்ச்சி 2017இல் வெளியான பிறகு, அப்படி மிச்சம் இருப்பவர்களுக்கு கேபசிடபின் மாத்திரை தருகிறார்கள். இவளும் சாப்பிட்டாள். கதிரியக்கமும் முடிந்தது. இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது. முடி சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது.

இந்த நோய் வந்தவர்களுக்கு பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் கோளாறு உண்டா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இவளுக்கு இருந்தது. அப்படியானால் கூடப்பிறந்த அக்காவுக்கும் இருக்க ஒன்றுக்குப் பாதி வாய்ப்பு. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அந்த அக்கா, "தெரிஞ்சு நான் என்னத்தச் செய்யப் போறேன்" என்று ஆறு மாதம் தட்டிக்கழித்தாள். தெரிந்தால் வருஷாவருஷம் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கடுகளவிலேயே பிடிக்கலாம், சினைப்பையையும் கவனித்துக்கொள்ளலாம், மகளுக்கும் சொல்லி வைக்கலாம். தங்கச்சியே நேரில் போய் உட்கார்ந்து பேசிய பிறகு, போன வாரம் ரத்தம் கொடுத்திருக்கிறாள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. இந்தப் பரிசோதனையில் 'நெகட்டிவ்' என்று வந்தால் தேங்காய் உடைக்கலாம்.