பசை பிடிக்கும் பரப்புகளும் பிடிக்காப் பரப்புகளும்

உடைந்த பீங்கான் கோப்பையை உறுதியாக இணைக்கும் எப்பாக்சி பசை, விரிசல் கண்ட பாலிதீன் வாளியில் தடவினால் ஏடுபோல் உரிந்து வந்துவிடுகிறது. இதற்குப் பசையைக் குறைகூறுவது பொருந்தாது. வேறுபாடு பரப்பின் தன்மையில் உள்ளது.

எப்பாக்சி பசை இரு குழாய்களில் விற்கப்படுகிறது. ஒன்றில் பிசினும், மற்றதில் அதனை இறுகச் செய்யும் பொருளும் உள்ளன. இரண்டையும் குறித்த அளவில் கலந்தால் வேதிவினை நிகழ்ந்து, கலவை திண்மமாகிறது. அதற்கு முன் அது பரப்பெங்கும் படர்ந்து, நுண்ணிய பள்ளங்களையும் நிரப்புதல் வேண்டும். பரப்பின் ஈர்ப்பு வலிமையற்றதாயின் பசை படராது. படராத பசை பற்றாது.

உலோகம், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றின் பரப்பு ஆற்றல் மிகுதி. எனவே அவற்றில் பசை நன்கு படரும். மரத்திலும் காங்கிரீட்டிலும் அது நுண்துளைகளுள் புகுந்து இறுகும். பாலிதீனின் நிலை வேறு. மீட்டருக்கு மில்லிநியூட்டன் என்னும் அலகில் அதன் பரப்பு ஆற்றல் சுமார் 31. டெஃப்லானுடையது சுமார் 20. எப்பாக்சி பிசினின் பரப்பு இழுவிசையோ 40-க்கும் மேற்பட்டது. பாலிபுரொப்பிலீனும் சிலிக்கோன் ரப்பரும் பாலிதீனைப் போலவே பசையை ஏற்பதில்லை.

இதனை வகுப்பறையிலேயே சோதித்தறியலாம். பரப்பைச் சோப்பு நீரால் கழுவி, நன்கு அலசி, உலர்த்தி, ஒரு துளி நீர் இடுக. துளி தட்டையாகப் படர்ந்தால் பசை பிடிக்கும் எனக் கொள்ளலாம். தாமரை இலைமேல் நிற்பதுபோல் முத்தாகத் திரண்டால், எண்ணெய்ப் பசை எஞ்சியிருக்கலாம்; மீண்டும் கழுவிச் சோதிக்க வேண்டும். அப்போதும் திரண்டே நின்றால் அப்பொருளில் பசையை வீணாக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கலங்களின் அடியில் முக்கோணக் குறியினுள் 2 அல்லது 4 என்ற எண் பாலிதீனையும், 5 பாலிபுரொப்பிலீனையும் குறிக்கும். பசை பிடிக்கும் பரப்பையும் ஒட்டுமுன் உப்புத்தாளால் தேய்த்துத் தூசி நீக்குதல் நலம்.

பள்ளி ஆய்வுக்கூடங்களில் அமிலம் வைக்கும் புட்டிகளிற் பல பாலிதீனால் ஆனவை. விரிசல் கண்ட அத்தகைய புட்டியைப் பசையிட்டு மீண்டும் பயன்படுத்துவது அபாயகரமானது. ஒட்டு வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தோன்றினும், புட்டியைத் தூக்கும் வேளையில் விட்டுவிடக்கூடும். அமிலத்தை வேறு தகுந்த கலத்திற்கு மாற்றி, பழைய புட்டியை அகற்றிவிடுவதே முறையாகும்.