பைலாவுக்குப் பின்னாலுள்ள மக்கள்

இலங்கையில் பைலாத் தாளத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் எவரும் இருக்க முடியாது. பாடசாலைச் சுற்றுலா பஸ் ஊரின் எல்லையைத் தாண்டுமுன்பே பின் ஆசனங்களில் கைதட்டல் ஆரம்பமாகிவிடும். கிரிக்கெட் மைதானத்தில் 'பப்பரே' வாத்தியக் குழுவினர் ஊதுவதும் பெரும்பாலும் அந்தத் தாளத்தைத்தான். இனம், மதம், மொழி பாராமல் எல்லோருடைய கால்களையும் அசைய வைக்கும் இசை அது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "போர்த்துக்கேயரிடமிருந்து" என்ற பதில் உடனே கிடைக்கும். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மக்களிடம் இருக்கிறது.

உலகின் வெகுசனப் பண்பாட்டுக்குக் கறுப்பின மக்கள் வழங்கிய கொடையை எடுத்துக்காட்டும் தொலைக்காட்சித் தொடர்கள் வேறு நாடுகளில் வெளிவந்துள்ளன. அப்படியொரு விவரணத் தொடரை நம் நாட்டில் தயாரிப்பதானால் அதில் எதைச் சொல்ல வேண்டும்? யாரைக் கொண்டு சொல்ல வேண்டும்? உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் பயிலும் மாணவி என்ற வகையில் அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கொண்டுவந்த மக்கள்

1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடல் அதிகாரியின் கீழ் ஏறத்தாழ ஐந்நூறு ஹபஷிகள் இருந்ததாகத் தம் பயணக் குறிப்பில் எழுதியுள்ளார். ஹபஷிகள் என்போர் அபிசீனியர். இன்றைய எத்தியோப்பியப் பகுதியினர். இஸ்லாத்தின் முதல் முஅத்தினான பிலால் (ரழி) அவர்களையும் நாம் 'ஹபஷி' என்றே அழைக்கிறோம். ஆகவே போர்த்துக்கேயக் கப்பல்கள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஆபிரிக்கர் இம்மண்ணில் இருந்திருக்கின்றனர்.

1505 இல் வந்த போர்த்துக்கேயரும், 1658 முதல் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரும், 1796 இல் வந்த பிரித்தானியரும் மொசாம்பிக் முதலான இடங்களிலிருந்து ஆபிரிக்கரைக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பில் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடமே ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்ற பெயரைப் பெற்றது. தமிழில் நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம். பிரித்தானியர் ஆபிரிக்கரைத் தம் இலங்கைப் படைப்பிரிவுகளில் சேர்த்துக்கொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் புத்தளத்தில் நிறுத்தப்பட்டிருந்தனர். படைப்பிரிவு கலைக்கப்பட்ட பின் அங்கேயே குடியேறினர். இவர்களுடைய சந்ததியினர் புத்தளத்துக்கு அருகிலுள்ள சிரம்பியடியவில் இன்றும் வாழ்கின்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

மன்ஜாவிலிருந்து 'சுராங்கனி' வரை

சிரம்பியடிய மக்களின் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் 'மன்ஜா' என்று பெயர். றபான், வெற்றுப் போத்தல், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை போன்ற வீட்டுப் பொருட்களே வாத்தியங்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு வேகம் கூடிக் கூடிச் செல்லும். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கலப்பு மொழி. முன்னோர் வீட்டில் பேசிய அந்த மொழி இப்போது பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. இளையவர்கள் சிங்களம் பேசுகின்றனர். பாட்டு வாயில் தங்கியிருக்கிறது. அதன் சொற்களுக்குப் பொருள் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே போகின்றனர். இத்தொடர் இப்போதே எடுக்கப்பட வேண்டியதற்கு முதற் காரணம் இதுதான்.

கிழக்கிலே மட்டக்களப்பு, திருகோணமலைப் போர்த்துக்கேயப் பறங்கியர் திருமணங்களில் ஆடும் 'கபிரிஞ்ஞா' என்ற ஆட்டத்தின் பெயரிலேயே 'காப்பிரி' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. 'பைலா' என்ற சொல்லோ ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. பெயரை ஐரோப்பா கொடுத்தது; தாளத்தில் ஆபிரிக்காவின் பங்கு கலந்திருக்கிறது. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் இவ்விசைக்குச் சிங்களப் பாடல்களை அமைத்து நாடெங்கும் பரப்பினார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ 'பைலாச் சக்கரவர்த்தி' எனப் புகழ் பெற்றார். தமிழிலே நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும், சிலோன் மனோகர் பாடிய 'சுராங்கனி'யும் பொப் இசை என்ற பெயரில் வீடுதோறும் ஒலித்தன. 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டிலும் பாடப்பட்டது.

இவ்வளவு நீண்ட பயணத்தில் தாளம் எல்லோருக்கும் சொந்தமானது. அதைத் தந்தவர்களின் பெயர் மட்டும் வழியில் விடுபட்டுப் போனது. 2012 குடிசன மதிப்பீட்டின் இன அட்டவணையில்கூட அவர்களுக்கென ஒரு தனி நிரல் இல்லை. 'ஏனையோர்' என்பதற்குள்ளேயே அடங்கிவிட்டனர்.

பிற நாட்டுத் தொடர்கள் தரும் இரு பாடங்கள்

1986 இல் 'ஆபிரிக்கர்: ஒரு மும்மைப் பாரம்பரியம்' என்ற ஒன்பது பகுதித் தொடர் பிபிசியிலும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அதை எழுதித் தாமே திரையில் தோன்றி விளக்கியவர், கென்யாவின் மொம்பாசாவில் பிறந்த முஸ்லிம் அறிஞர் அலி மஸ்ரூயி. ஆபிரிக்காவைப் பற்றி வெளியார் பேசியே பழகிய திரையில் ஓர் ஆபிரிக்கர் தம் பார்வையில் பேசினார். அது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. நிதியுதவி வழங்கிய அமெரிக்க அரச நிறுவனத்தின் தலைவர், தொடர் பக்கச்சார்பானது என்று கூறி, தமது நிறுவனத்தின் பெயரை நீக்கச் செய்தார். எனினும் தொடர் ஒளிபரப்பானது. கதைக்குரியவரே கதையைச் சொல்ல வேண்டும் என்பதும், அதற்கு எதிர்ப்பு வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் உரிமை பற்றியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தை 14 பகுதிகளில் சொன்ன தொடரொன்றை ஹென்றி ஹம்டன் என்பவர் 1987 இலும் 1990 இலும் வெளியிட்டார். அதிலிருந்த பழைய செய்திப் படங்களுக்கும் பாடல்களுக்கும் பெறப்பட்ட அனுமதி குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அக்காலம் முடிந்ததும் தொடரை ஒளிபரப்பவோ விற்கவோ முடியாமற் போனது. மீண்டும் நிதி திரட்டி அனுமதிகளைப் புதுப்பித்த பின்னர், 2006 இல்தான் அது திரும்பவும் தொலைக்காட்சிக்கு வந்தது. எவ்வளவு சிறந்த தொடராயினும், ஆவணங்களுக்குரிய அனுமதியை நீண்ட காலத்துக்குப் பெறாவிட்டால் பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிடும்.

ஆறு பகுதிகள்

விவரணத் தொடர் தயாரிப்பில் முதல் வேலை ஆய்வு. இரண்டாவது, பகுதிகளைப் பிரிப்பது. நமது தொடரை ஆறு பகுதிகளாக அமைக்கலாம்.

முதற்பகுதி கடலைப் பற்றியது: இப்னு பதூதா கண்ட ஹபஷிகள், அடிமை வணிகம், கொம்பனித்தெரு. இரண்டாம் பகுதி சிரம்பியடியவும் மன்ஜாவும். மூன்றாம் பகுதி கபிரிஞ்ஞா, பைலா, தமிழ்ப் பொப் இசை.

நான்காம் பகுதி இந்தியா. குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரான சித்திகள் நமது காப்பிரி மக்களின் கடல்வழி உறவினர் போன்றவர்கள். குஜராத்தில் ரத்தன்பூரிலுள்ள பாவா கோர் தர்காவில் அவர்கள் பறை முழக்கி ஆடுகின்றனர். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மலிக் அம்பர், அஹ்மத்நகர் அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று முகலாயப் படைகளை எதிர்த்து நின்றார். அஹமதாபாத்திலுள்ள சித்தி சையித் பள்ளிவாசலின் கல் சாளரம், மரமொன்றின் கிளைகளைப் பின்னியது போன்ற வேலைப்பாட்டால் உலகப் புகழ் பெற்றது.

ஐந்தாம் பகுதி இன்றைய இளைஞரின் இசை. 1973 ஓகஸ்ட் 11 அன்று நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவில் பிறந்த இளைஞரான கூல் ஹேர்க் ஒரு விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதை ஹிப்ஹொப் இசையின் பிறந்தநாளாகக் கொள்வர். அதே இசையை மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006 இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பில் தமிழாக்கினர்.

ஆறாம் பகுதியைச் சிரம்பியடிய இளைஞர்களிடமே விட்டுவிட வேண்டும். தம் ஊரைப் பற்றி எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக்கூடாது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். தொடர் முழுவதற்கும் அறிவிப்பாளராக அவ்வூர்ப் பெண் ஒருவரைத் தெரிவு செய்தால் இன்னும் நல்லது.

கெமராவும் பெயரும்

எங்கள் பொகவந்தலாவையில், புனித மரியாள் தேவாலய வளவில், ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை இருக்கிறது. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். 1879 இல் மறைந்தவர். இங்கிலாந்தில் டார்வின், டெனிசன் போன்றோரை அவர் எடுத்த படங்களில் அவர்களது பெயர்கள் உண்டு. 1875 இல் இலங்கைக்கு வந்த பின் இங்குள்ள உழைப்பாளிகளையும் கிராமத்தவரையும் படம் பிடித்தார். அப்படங்கள் வெளிநாட்டு நூதனசாலைகளில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருப்போர் யாரென்று தெரியாது. ஒரு படத்தின் தலைப்பே 'களுத்துறைக் கிராமத்தவர் குழு' என்பதுதான். முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

மலையகத்தில் வாழும் எமக்கு இது புதிதல்ல. கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படத்தைத் தேயிலைப் பெட்டியில் உலகமே பார்க்கிறது. அவர் யார், எந்தத் தோட்டம், என்ன பாட்டுப் பாடுவார் என்று எவரும் கேட்பதில்லை. 2023 இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டதும், தாம் வெறும் படமாக அல்லாமல் வரலாறுள்ள மக்களாக அறியப்பட வேண்டும் என்பதைத்தான். கப்பலில் கொண்டுவரப்பட்டு, பிறருக்காக உழைத்து, பாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் இரு மக்களும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கு இத்தொடர் ஒரு வாய்ப்பாகும்.

ஆகவே படப்பிடிப்புக் குழுவினர் சில நடைமுறைகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். கெமராவை எடுக்குமுன் ஊரவரோடு அமர்ந்து பேசி அனுமதி பெற வேண்டும். ஆடுவோரை மட்டும் காட்டாமல், அவர்களது வீடு, தொழில், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றையும் காட்ட வேண்டும். ஆட்டத்தை மட்டும் காட்டினால் அது உல்லாசப் பயணிகளுக்கான விளம்பரமாகிவிடும். பேசுபவர் விரும்பினால் அவரது பெயரைத் திரையில் எழுத வேண்டும். பாடியவர்களுக்கு உரிய கொடுப்பனவு வழங்க வேண்டும். சிங்களத்தில் அவர்கள் பேசுவதைப் பின்னணிக் குரலால் மூடிவிடாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் உபதலைப்பு இட வேண்டும். பதிவு செய்த முழு ஒலிநாடாவின் பிரதியொன்றை ஊருக்கே கையளிக்க வேண்டும்.

ஒரு சொல்லின் சுமை

தயாரிப்பாளர் தப்பிக்க முடியாத ஒரு கேள்வி உண்டு. இம்மக்களை எந்தப் பெயரால் அழைப்பது? அறபு வணிகர் ஆபிரிக்கக் கரையில் முஸ்லிமல்லாதோரைக் 'காபிர்' என்றனர். அச்சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துக் கறுப்பின மக்கள் அனைவருக்கும் பொதுப்பெயராக்கினர். அதுவே இலங்கையில் 'காப்பிரி' ஆனது. தென்னாபிரிக்காவில் இன்று அது மிக மோசமான இனவசைச் சொல். இங்கோ அம்மக்கள் பலர் தம்மைக் குறிக்க அதையே பயன்படுத்துகின்றனர். ஆனால் சுருட்டை முடியுள்ள, நிறம் கறுத்த பிள்ளையை வகுப்பில் "காப்பிரி" என்று கேலி செய்யும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது.

ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்த அபூதர் (ரழி) அவர்களை, இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹுல் புஹாரியில் இடம்பெற்றுள்ளது. பிலால் (ரழி) அவர்களின் பாங்கொலியைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், அவரது நிறத்தை வசைச் சொல்லாக்குவது எப்படி நியாயமாகும்? தொடர் இந்த வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தப் பெயரை எழுதுவது என்பதை அம்மக்களிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஆறு பகுதித் தொடர் எடுப்பதற்குப் பணமும் நிறுவனமும் வேண்டும். பள்ளி மாணவியரிடம் அவை இல்லை. ஆனால் தொடருக்கு அடிப்படையான வேலையைச் செய்ய ஒரு கைப்பேசி போதும். லயத்து வீடுகளிலும் நகரத்துக் கடை வீடுகளிலும் பழைய பாட்டும் கதையும் தெரிந்த உம்மும்மாக்களும் அம்மாயிகளும் இருக்கின்றனர். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யலாம். பொருள் தெரியாத சொற்களை அவர்களிடமே கேட்டுக் குறித்து வைக்கலாம். சிரம்பியடியவில் இழக்கப்பட்டுக் கொண்டிருப்பது எதுவோ அது நம் வீட்டிலும் இழக்கப்படலாம்.

அடுத்த சுற்றுலாவில் பைலா பாடும்போது, அந்தத் தாளத்தைத் தந்தவர்கள் யாரென்று பக்கத்தில் இருக்கும் தோழிக்குச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவரின் பாட்டைப் பதிவு செய்யும்போது, பாட்டின் தலைப்புக்கு முன் அவரது பெயரை எழுதுங்கள்.