தூங்கும்போதும் அடிவாங்கும் இதயம்

புனேயின் ஸ்வார்கேட் சந்திப்பில் சிவப்பு விளக்கின் எண் 5-க்கு இறங்கினால் போதும், பின்வரிசையில் ஹாரன் ஆரம்பித்துவிடும். முன்னால் நிற்பவர் நகர வழியில்லை என்பது அடிப்பவருக்கும் தெரியும். இருந்தாலும் அடிப்பார். ஆட்டோ, மாநில அரசின் எஸ்.டி. பஸ், மாநகரப் பேருந்து, இண்டு இடுக்கெல்லாம் ஸ்கூட்டர். ஓய்வு பெற்றவர்களின் சொர்க்கம் என்று ஒரு காலத்தில் பேர் வாங்கிய ஊர். அவர்களில் எத்தனையோ பேர் இன்று ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் படுத்து எழுகிறார்கள்.

சத்தம் என்றால் காது கெடும் என்பதோடு நம் கவலை நின்றுவிடுகிறது. அது காதோடு நிற்பதில்லை. ஹாரன் ஒலி மூளைக்குப் போனதும், அச்சத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, கார்ட்டிசால் ஏறுகிறது, நாடித் துடிப்பு கூடுகிறது, ரத்தக்குழாய் இறுகுகிறது. எப்போதாவது ஒருமுறை என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். நாள்தோறும், வருடக்கணக்கில் இதுவே நடந்தால் குழாயின் உள்சுவர் கெடத் தொடங்கும். குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறையும். கொழுப்பு படிய வழி பிறப்பது அங்கேதான்.

‘சவய் ஜாலீ’ என்பார் மராத்திக்காரர். ‘பழகிப் போச்சு’ என்பார் ராஸ்தா பேட்டிலும் காட்கியிலும் தலைமுறைகளாக இருக்கும் நம் தமிழர். எனக்கு பயம் தருவது இந்தப் பேச்சுதான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஆரோக்கியமான 75 பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் படுக்கையறையிலேயே இரவில் விமானச் சத்தத்தை ஒலிக்கவிட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2013-ல் வெளியானது. ஓர் இரவுக்கு 30 முறை ஒலித்தபோதே ரத்தக்குழாய் விரியும் திறன் குறைந்தது. 60 முறை ஒலித்தபோது மேலும் குறைந்தது. ஏற்கெனவே ஓர் இரவு சத்தத்தில் தூங்கியவர்களுக்குப் பழகிப்போய் பாதிப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. அவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாகவே தெரிந்தது. மனம்தான் பழகுகிறது; குழாய் பழகுவதில்லை.

இரவை நான் தனியாகப் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். இதயத்துக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு அந்த இறக்கம். அது இல்லாதவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம். லாரி ஹாரன் கேட்டு நாம் கண் விழிக்காமல் இருக்கலாம். அழுத்தம் அந்த நொடியில் ஏறத்தான் செய்கிறது.

புனேயில் இதைப் பார்க்க நர்ஹே பக்கம் போகவேண்டும். மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலை புதிய காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டி நவலே பாலம் வரை ஒரே இறக்கம். சரக்கு லாரிகள் பிரேக் முனக, ஹாரனை அழுத்தியபடி இறங்குகின்றன. சாலைக்கு இருபுறமும் அடுக்குமாடிகள். சாலையைப் பார்த்த படுக்கையறைகளில் ஏப்ரல் புழுக்கத்திலும் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தித்தான் படுக்கிறார்கள். குடியிருப்புப் பகுதிக்கு நம் சட்டம் அனுமதிக்கும் இரவு அளவு 45 டெசிபல். கார் ஹாரன் ஒன்றே 100 டெசிபலைத் தொடக்கூடியது.

லாரிக்காவது ஒரு வேலை இருக்கிறது. சைலன்சரை மாற்றி, நள்ளிரவில் படபடவென்று வெடிக்கவிட்டு ஓட்டும் பைக்குக்கு என்ன நியாயம்? இந்திய வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் இதே புனேயின் கோத்ரூடில், வேதாள் குன்றில்தான் இருக்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு நீண்டகாலமாக 80 டெசிபல் என்று வரம்பு வைத்து, சோதித்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். வண்டி கைக்கு வந்ததும் அந்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டையாக ஒன்றை மாட்டிக்கொள்கிறான் ஒரு பையன். ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் அவன் ஒருமுறை முறுக்கினால், சாலையோர வீடுகளில் தூங்கும் முதியவர்கள் எத்தனை பேருக்கு அழுத்தம் எகிறும்? இத்தகைய சைலன்சர்களைப் போலீஸ் பறிமுதல் செய்து ரோடு ரோலரை ஏற்றி நசுக்குகிறது. மறுவாரம் புதிதாக ஒன்று கடையில் கிடைக்கிறது. மாட்டுவதைப் போலவே விற்பதையும் குற்றமாக நடத்தினால் ஒழிய இது அடங்காது.

மாரடைப்புக்குக் காரணம் புகையும் உப்பும் சர்க்கரையும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவையும் காரணம்தான். ஆனால் டென்மார்க்கில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் வெளியான ஆய்வு, காற்று மாசையும் புகைப்பழக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், சாலைச் சத்தம் 10 டெசிபல் கூடினால் மாரடைப்பு ஆபத்து 12 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்குச் சொன்ன அளவு, சாலைச் சத்தம் நாள் முழுமைக்குமான சராசரியில் 53 டெசிபல், இரவில் 45. ஸ்வார்கேட் பக்கம் குடியிருப்பவருக்கு அது எட்டாத கனவு.

சாலையோர வீட்டில் இருப்பவர்கள் படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் அடங்கவில்லை என்றால், 24 மணி நேர ரத்த அழுத்தக் கருவி கட்டி, இரவில் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரன் அடிப்பதற்கு 2010 முதலே சட்டத்தில் தடை இருக்கிறது; மருத்துவமனையைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் பகலிலும் தடைதான். வண்டி ஓட்டுபவர்கள் அந்த நேரத்தில், அந்த இடத்தில் ஹாரனில் கை வைக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் பைக்கில் சைலன்சர் மாறியிருந்தால், இந்த வாரமே பழையதை மாட்டச் சொல்லுங்கள்.